தரையில் இழுவை இல்லை, வானில் அடங்கவில்லை: கப் விமானம் ஒன்றின் எஞ்சின் தேர்வு

தரையில் புரொப்பெல்லரின் இழுவை போதவில்லை; ஏறிவிட்டால் வேகத்தை அடக்க முடியவில்லை. தம்முடைய ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைப் பற்றி நண்பர் ஒருவர் இந்த இரண்டு புகார்களையும் ஒரே மூச்சில் சொன்னார். இருந்த 10 சி.சி. எஞ்சினைக் கழற்றிவிட்டு 15 சி.சி. டூ ஸ்ட்ரோக் ஒன்றை மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பது அவருடைய முடிவு. வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பார்த்தோம், அளந்தோம், கணக்கிட்டோம். இறுதியில் அவர் வாங்கியதும் 15 சி.சி. எஞ்சின்தான். ஆனால் அது வேறு வகை, வாங்கிய காரணமும் வேறு. அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதை முழுமையாகப் பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. பெட்டியின் மேல் அச்சிட்ட சி.சி. எண்ணிலேயே எஞ்சின் தேர்வைத் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்ளும் பழக்கம் மாதிரி விமானக்காரர்களிடம் மிக ஆழமாக இருக்கிறது. அதனால் கெட்டுப்போன நல்ல விமானங்கள் ஏராளம்.

விமானமும் அதன் நிலையும்

அது, மெதுவாகப் பறக்கும் சிறிய விமானமான பைப்பர் ஜே-3 கப்பின் ஐந்தில் ஒரு பங்கு மாதிரி. அசல் கப்பின் இறக்கை நீளம் 10.74 மீட்டர், மாதிரியினுடையது 2.15 மீட்டர். இறக்கைப் பரப்பு சுமார் 66 சதுர டெசிமீட்டர். எரிபொருள் இல்லாமல் எடை 4.4 கிலோ. பால்சா மரச் சட்டகம், மேலே இஸ்திரி போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் உறை, வால் சக்கர அமைப்பு. மூக்கு மிகக் குட்டை. கப் விமானத்துக்கே உரிய இந்தக் குட்டை மூக்கினால், எடைமையத்தைச் சரிக்கட்ட 280 கிராம் ஈயத்தை முன்பக்கத்தில் திணித்திருந்தார்.

எஞ்சின், க்ளோ பிளக் (தீப்பொறி இல்லாமல், தணலாகச் சூடேறி நின்று எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கொண்ட 10 சி.சி. டூ ஸ்ட்ரோக். அதில் மாட்டியிருந்த புரொப்பெல்லர் 11×8. முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச். அதாவது, நழுவல் இல்லாமல் முன்னேறினால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் போகும் என்ற அளவு. புல்தரையில் இந்த விமானம் வால் தூக்கவே திணறியது. ஓரளவு உயரமான புல்லில் எழும்பவே மறுத்தது. எழும்பிய பின்போ கப் போலப் பறக்காமல் பந்தய விமானம் போலச் சீறியது. த்ராட்டிலை (எஞ்சினின் வேகக் கட்டுப்பாட்டை) முழுதும் குறைத்துத் தரையிறக்க வந்தால் இறங்காமல் மிதந்துகொண்டே ஓடுபாதையின் மறுமுனைக்குப் போனது. போதாக்குறைக்கு, சில நிமிடங்கள் பறந்து சூடேறியதும் எஞ்சின் அணைந்துவிடும் பழக்கமும் அண்மையில் சேர்ந்திருந்தது.

அளந்து பார்த்தவை

முதலில் இறக்கையிலிருந்து தொடங்கினேன். எஞ்சினுக்கான கேள்வியை இறக்கைதான் கேட்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 4.4 கிலோ எடையை 66 சதுர டெசிமீட்டர் தாங்குகிறது. இந்த அளவு மாதிரிகளின் இறக்கைக்கு உச்ச ஏற்றக் குணகம் (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.2 என்று எடுத்துக்கொண்டால், விமானம் விழாமல் பறக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் வருகிறது.

அடுத்தது புரொப்பெல்லரின் பிட்ச் வேகம். நிமிடச் சுற்றுகளையும் அங்குலத்தில் உள்ள பிட்சையும் பெருக்கி, அதை 0.001524 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். சுற்றுகளை அளக்கும் டாக்கோமீட்டர் முழு த்ராட்டிலில் 12,000 சுற்றுகளைக் காட்டியது. அப்படியானால் 11×8 புரொப்பெல்லரின் பிட்ச் வேகம் மணிக்கு 146 கிலோமீட்டர். குறைந்தபட்சப் பறப்பு வேகத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! சாதாரணமாகப் பறக்கும் விமானத்துக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் போதும். நிற்கும் விமானத்தில் இவ்வளவு பிட்ச் இருந்தால் பிளேடுகள் காற்றைச் செங்குத்தான கோணத்தில் வெட்டி, தாமே செயலிழக்கும் நிலைக்குப் போகின்றன. திறன் செலவாகிறது, இழுவை பிறப்பதில்லை. ஓடத் தொடங்கி வேகம் கூடிய பிறகுதான் அவை காற்றைச் சரியாகப் பற்றுகின்றன. தரையில் பலவீனம், வானில் சீற்றம் என்ற முரண்பாட்டின் பாதி இதிலேயே அவிழ்ந்துவிட்டது.

மறுபாதி விட்டத்தில் இருந்தது. 11 அங்குலம் என்றால் 28 சென்டிமீட்டர். அதற்கு நேர் பின்னால் கப்பின் தட்டையான, அகன்ற மூக்கு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிற்கிறது. பிளேடின் உள்பாதி தள்ளும் காற்று முழுவதும் அந்த மூக்கிலேயே மோதுகிறது. மெலிந்த மூக்குள்ள விமானத்தில் இதே புரொப்பெல்லர் நன்றாகவே வேலை செய்திருக்கும்.

மூன்றாவது எண்தான் எனக்கு மிகவும் பிடித்தது. த்ராட்டிலைக் குறைத்தால் எஞ்சின் அணையாமல் நின்ற மிகக் குறைந்த ஓட்டம் 3,200 சுற்று. 8 அங்குலப் பிட்சில் அது மணிக்கு 39 கிலோமீட்டர். விமானத்தின் குறைந்தபட்சப் பறப்பு வேகமோ 34. ஐடிலில்கூட புரொப்பெல்லர் விமானத்தை அதன் இறங்கு வேகத்துக்கு மேலேயே தள்ளிக்கொண்டிருந்தது. தரையிறங்காமல் மிதந்ததற்கு ஓட்டுபவரின் கைத்திறன் காரணமில்லை என்று தெரிந்தபோது நண்பரின் முகம் மலர்ந்தது.

வாலில் சுருள்வில் தராசைக் கட்டி இழுவையை அளந்தபோது 2.6 கிலோ காட்டியது. உடனே, வேறு எதையும் தொடாமல், 13×6 புரொப்பெல்லரை மாட்டினோம். சுற்று 10,300 ஆகக் குறைந்தது, இழுவை 3.4 கிலோவாக உயர்ந்தது; பிட்ச் வேகம் 94 கிலோமீட்டராக இறங்கியது. அதே எஞ்சின், அதே எரிபொருள். அன்று அந்த விமானம் புல்தரையில் சில மீட்டர் ஓட்டத்திலேயே வாலைத் தூக்கியது.

அப்படியானால் எஞ்சினை ஏன் மாற்ற வேண்டும்?

நண்பரும் இதைத்தான் கேட்டார். புரொப்பெல்லரோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. சூடேறினால் அணையும் நோய் அப்படியே இருந்தது.

இந்த வகை எஞ்சினில் அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை சிலிண்டருக்குள் வளையம் இல்லாமல் ஓடுகிறது. சிலிண்டர் மேல்முனையை நோக்கிச் சற்றே குறுகியிருக்கும். குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால், பிஸ்டன் உச்சியை எட்டும்போது இறுகிப் பிடிப்பது விரலில் தெரிய வேண்டும். சூடானதும் பித்தளை விரிந்து அந்தப் பிடி சரியான அளவுக்குத் தளர வேண்டும் என்பதே வடிவமைப்பு. இந்த எஞ்சினில் குளிரிலேயே பிடி இல்லை. அப்படியிருக்கச் சூட்டில் கம்ப்ரெஷன் (கலவையை அழுத்தும் வலு) எங்கிருந்து வரும்? பின்பக்க பேரிங்கும் கரகரத்தது. க்ளோ எரிபொருளின் பெரும்பகுதியான மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பறந்து முடித்ததும் மிச்ச எரிபொருளை ஓட்டித் தீர்க்காமலும் பாதுகாப்பு எண்ணெய் விடாமலும் வைத்தால், உள்ளே முதலில் துருப்பிடிப்பது பேரிங்தான். ஆக, எஞ்சின் மாற்றம் தவிர்க்க முடியாதது. எதற்கு மாற்றுவது என்ற கேள்விதான் மிச்சம்.

உண்மையில் எவ்வளவு திறன் தேவை?

கடைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்குமாறு யாரிடமும் சொல்வேன். அசல் கப்பில் இருந்தது 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். விமானத்தின் உச்ச எடை சுமார் 553 கிலோ. நீளத்தை ஐந்தில் ஒன்றாக்கும்போது எடை 125-இல் ஒன்றாக வேண்டும். 553-ஐ 125 ஆல் வகுத்தால் 4.4 கிலோ. நண்பரின் விமானத்தின் எடையும் அதுவே. அசல் போலவே பறப்பதாகத் தோன்ற, வேகம் ஐந்தின் வர்க்கமூலமான 2.24 ஆல் வகுபட வேண்டும். எனவே மணிக்கு 121 கிலோமீட்டரில் பயணிக்கும் அசலின் மாதிரி, 54 கிலோமீட்டரில் போனால் கப் போலவே காட்சி தரும். திறன் என்பது எடையும் வேகமும் சேர்ந்தது. எனவே அது 125 × 2.24, அதாவது 280-இல் ஒன்றாகும். 65-ஐ 280 ஆல் வகுத்தால் கிடைப்பது 0.23 குதிரைத்திறன்.

கால் குதிரைத்திறன்கூட இல்லை. சிறிய இறக்கையிலும் சிறிய புரொப்பெல்லரிலும் காற்று அவ்வளவு திறமையாக வேலை செய்யாது என்பதால் இரட்டிப்பாக்கிக்கொள்வோம். காற்றடிக்கும் நாளுக்கும் உயரமான புல்லுக்கும் இன்னொரு முறை இரட்டிப்பாக்குவோம். அப்போதும் ஒரு குதிரைத்திறனைத் தொடவில்லை. 10 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் உச்சத் திறன் ஏறக்குறைய 1.9 குதிரைத்திறன், ஆனால் அது 16,000 சுற்றில் வருவது. இந்த விமானம் அந்தச் சுற்றுக்கு ஒருபோதும் போகப்போவதில்லை. நமக்கு வேண்டியது உச்சத் திறன் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றும் வலு வேண்டும். அசல் கப்பின் புரொப்பெல்லர் சுமார் 72 அங்குல விட்டம். அதில் ஐந்தில் ஒன்று 14.4 அங்குலம். ஆகவே முதலில் 14×6 என்று புரொப்பெல்லரை முடிவு செய்தோம். அதன் பிறகே, அதைச் சுழற்றத் தகுந்த எஞ்சின் எது என்று தேடினோம்.

பரிசீலித்த வகைகள்

நண்பர் முதலில் நினைத்த 15 சி.சி. டூ ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சினை விரைவாகவே ஒதுக்கினோம். 14 அங்குலப் புரொப்பெல்லரை அது சுழற்றும் என்பது உண்மைதான். ஆனால் கால் த்ராட்டிலிலேயே பறக்கக்கூடிய விமானத்துக்கு அத்தனை திறனைக் கட்டி, எரிபொருளைக் குடிக்கவிட்டு, எப்போதும் அடக்கியே ஓட்டுவதில் பொருளில்லை.

மின்சார மோட்டாரை நேர்மையாகவே எடைபோட்டோம். பறப்பை மட்டும் பார்த்தால் கப்புக்கு மிகப் பொருத்தமானது அதுதான் என்றுகூடச் சொல்வேன். ஐடில் என்ற பிரச்சினையே இல்லை. 15 அங்குலத்துக்கு மேற்பட்ட புரொப்பெல்லரையும் சுழற்றலாம். ஆறு செல், 5,000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரியில் சுமார் 111 வாட்-மணி ஆற்றல் உண்டு. அதில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தி, சராசரி 300 வாட்டில் பறந்தால் ஏறக்குறைய 18 நிமிடம் கிடைக்கும். தடை வேறிடத்தில் இருந்தது. முடித்து உறை ஒட்டிய விமானத்தில், பேட்டரியை மாற்றுவதற்கான கதவை வெட்டத் தகுந்த இடம், இறக்கைத் தாங்குகள் இறங்கும் சட்டங்களுக்கு நடுவே மட்டுமே இருந்தது. அங்கே வெட்டினால் வலு போய்விடும். புதிதாகக் கட்டும் விமானமாக இருந்தால் என் பரிந்துரை வேறாக இருந்திருக்கும்.

பெட்ரோல் எஞ்சினைத்தான் நெடுநேரம் பேசினோம், ஏனெனில் அதன் பக்கம் வலுவான நியாயம் இருந்தது. ஒரு பங்கு மெத்தனால் முழுமையாக எரிய எடைக்கணக்கில் சுமார் 6.4 பங்கு காற்று போதும்; பெட்ரோலுக்கு 14.7 பங்கு வேண்டும். அதாவது, அதே காற்றை இழுக்கும் எஞ்சின் பெட்ரோலில் ஓடும்போது பாதிக்கும் குறைவான எரிபொருளையே செலவிடுகிறது. சந்தையில் பரவலாக உள்ள 20 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஒன்றின் எடை 650 கிராம், சைலன்சர் 50, மின்பொறி இக்னிஷன் பெட்டி 120. இதனுடன் இக்னிஷனுக்கான தனி பேட்டரியும் மூக்கில் சேரும்போது 280 கிராம் ஈயத்துக்கு வேலையே இல்லாமல் போகும். சும்மா சுமக்கும் எடைக்குப் பதிலாக உழைக்கும் எடை!

ஆனால் அதன் திறன் 2.5 குதிரைத்திறன்; நமக்குக் கணக்கில் வந்த அடிப்படைத் தேவையைப் போலப் பத்து மடங்கு. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வைத் தாங்க எஞ்சின் பொருத்தும் முன் பலகையையும் அதன் பின்னாலுள்ள சட்டங்களையும் புதிதாக வலுப்படுத்த வேண்டும். க்ளோ எரிபொருளுக்குப் பயன்படும் சிலிகான் குழாய் பெட்ரோலில் ஊறி உப்பிக் கெட்டுவிடும் என்பதால் குழாய், டேங்க் அடைப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இக்னிஷன் பெட்டியை ரேடியோ ரிசீவரிலிருந்து இயன்ற தூரம் தள்ளிவைக்க வேண்டும்; தரையிலிருந்தே அணைக்கும் சுவிட்சும் கட்டாயம். வாராவாரம் மணிக்கணக்கில் பறப்பவருக்கு இந்த உழைப்பு எல்லாம் தகும். நண்பர் மாதத்தில் ஓரிரு நாள் பறப்பவர். அவருடைய சட்டகமும் க்ளோ எஞ்சினை மனத்தில் வைத்துக் கட்டிய மெல்லிய சட்டகம். அதனால் விலக்கினோம்.

மிஞ்சியது 15 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின். இதன் உச்சத் திறன் ஒன்றரைக் குதிரைத்திறனை ஒட்டியது. டூ ஸ்ட்ரோக்கோடு ஒப்பிட்டால் சி.சி.க்கு மிகக் குறைவு. ஆனால் அந்தத் திறன் 11,000 சுற்றுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. 14×6 புரொப்பெல்லரை 9,000 சுற்றில் சுழற்றுவது அதற்கு இயல்பான வேலை. எடை பழைய எஞ்சினும் சைலன்சரும் சேர்ந்த எடைக்கு ஏறக்குறைய சமம். எடைமையக் கணக்கில் இதனால் ஆதாயம் இல்லை என்பதை நண்பரிடம் வெளிப்படையாகவே சொன்னேன்.

ஒலியைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக் 12,000 சுற்றில் நொடிக்கு 200 முறை வெடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். எனவே 9,000 சுற்றில் நொடிக்கு 75 முறை. அசல் கப்பின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 2,300 சுற்றில் ஓடும்போது நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று பார்த்தால், ஏறக்குறைய 77! சுருதி கிட்டத்தட்ட ஒன்றே. அசல் போலப் பறக்க வேண்டும் என்பதற்காகவே கப் கட்டுபவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. நண்பரின் மனம் இந்த இடத்தில்தான் முழுதாக உறுதிப்பட்டது என்று நினைக்கிறேன்.

பொருத்தியது

எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பொருத்தினோம். அசல் கப்பில் சிலிண்டர்கள் மூக்கின் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தில் உண்மையான சிலிண்டர், மறுபக்கத்தில் பொம்மைச் சிலிண்டர் என்று தோற்றமும் சரியாக அமைந்தது. தலைகீழாக வைத்தால் மூக்குக்குள் நன்றாக மறையும்தான். ஆனால் எரிபொருளும் எண்ணெயும் பிளக்கில் வந்து தேங்கி, கிளப்புவதற்குத் தொல்லை கொடுக்கும். டேங்கின் நடுக்கோடு, கார்புரேட்டர் ஊசி வால்வின் மட்டத்திலோ அதற்குச் சில மில்லிமீட்டர் கீழோ இருக்குமாறு டேங்க்கின் அடிப்பலகையை இறக்கினோம். இதைச் சரிபார்க்காமல் விட்டால், நிறைந்த டேங்கில் ஒரு கலவையும் காலியாகும் டேங்கில் வேறு கலவையும் கிடைக்கும். பழி எஞ்சின் மேல் விழும்.

ரிசீவர் பேட்டரியை நடுவிலிருந்து எடுத்து, பஞ்சில் பொதிந்து, டேங்குக்கு அடியில் வைத்தோம். ஈயம் 90 கிராமாகக் குறைந்தது. த்ராட்டிலைத் திறந்தால் கப் மூக்கைத் தூக்கும் என்பதால் எஞ்சினின் அச்சு 3 பாகை கீழும் 2 பாகை வலமும் பார்க்குமாறு வாஷர் வைத்துச் சாய்த்தோம். புரொப்பெல்லருக்கு இரண்டாவதாக ஒரு பூட்டு நட் போட்டே தீர வேண்டும் என்று வற்புறுத்தினேன். கலவையில் எரிபொருள் குறைந்துபோனால் ஃபோர் ஸ்ட்ரோக் முன்கூட்டியே வெடித்து எதிர்த்திசையில் உதைக்கும். அப்போது ஒற்றை நட் கழன்று புரொப்பெல்லர் பறந்துவிடக்கூடும். எதிரே யாரும் நிற்கக் கூடாது என்ற விதி எல்லா எஞ்சினுக்கும் பொதுவானது, இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இந்த எஞ்சினில் பிஸ்டன் வளையம் உண்டு. எனவே முதல் சில டேங்குகளை எரிபொருள் தாராளமாக உள்ள கலவையில், த்ராட்டிலை ஏற்றி இறக்கி ஓட்டிப் பழக்கினோம். வளையமில்லாத பழைய வகைக்கு இதே முறையைக் கையாண்டால் கேடு. அது சூடேறாமல் இறுக்கமாகவே ஓடி, வேண்டிய பிடியைத் தானே தேய்த்துக்கொள்ளும். பழக்கி முடித்து எஞ்சின் ஆறியதும் வால்வு இடைவெளியை 0.04 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு சரிபார்த்தோம். ஒரு வால்வு தளர்ந்திருந்தது.

முடிவுகள்

முழு த்ராட்டிலில் 9,000 சுற்று, பிட்ச் வேகம் மணிக்கு 82 கிலோமீட்டர். குறைந்தபட்சப் பறப்பு வேகத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு. இழுவை தராசில் 3.4 கிலோ. பழைய எஞ்சின் 13×6-இல் கொடுத்த அதே அளவுதான், ஆனால் 1,300 சுற்று குறைவாக. ஐடில் 2,300 சுற்றில் அமைதியாக நின்றது. 6 அங்குலப் பிட்சில் அது மணிக்கு 21 கிலோமீட்டர். இறங்கு வேகத்துக்கு வெகு கீழே. த்ராட்டிலை மூடினால் 14 அங்குலப் புரொப்பெல்லர் காற்றில் தடையாகவே நின்று வேகத்தைக் குறைக்கிறது. முன்பு மிதந்துகொண்டே போன விமானம் இப்போது ஓடுபாதையின் முதல் பாதியிலேயே மூன்று சக்கரங்களையும் ஒன்றாகத் தரையில் வைக்கிறது. சாதாரணப் பறப்புக்குப் பாதி த்ராட்டிலுக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது. பழைய 350 மில்லி டேங்க் இப்போது ஏறக்குறைய 20 நிமிடம் தாங்குகிறது.

புதிதாக வந்த தொல்லைகளும் உண்டு. பெரிய புரொப்பெல்லர், வால் தூக்கும் கணத்தில் விமானத்தை இடப்பக்கம் இழுக்கிறது. த்ராட்டிலைச் சட்டென்று திறக்காமல் மெல்ல ஏற்றி, வலது ரடரை (வாலிலுள்ள திசைச் சுக்கானை) கூடவே கொடுக்கும் பழக்கத்தை நண்பர் கற்க வேண்டியிருந்தது. புகைக் குழாயிலிருந்து வரும் எண்ணெய் வலப்பக்க உடல் முழுவதும் படிகிறது. முன் பலகையின் வெட்டு விளிம்புகளில் எப்பாக்சி பூசாமல் விட்ட இடங்களில் மரம் எண்ணெய் குடிக்கத் தொடங்கியிருந்ததைக் கண்டு உடனே அடைத்தோம். குளிரான காலைகளில் க்ளோ பிளக் சூடேற்றியைக் கழற்றும் முன் சற்றுக் கூடுதல் நேரம் ஓடவிட வேண்டியிருக்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே வெடிப்பதால் பிளக் அதுவரை சூட்டைத் தக்கவைக்க வேண்டும். அதற்காக ஃபோர் ஸ்ட்ரோக்குக்கென்றே செய்த பிளக்கைத்தான் போடுகிறோம்.

15×4 புரொப்பெல்லரையும் ஒருநாள் முயன்றோம். இழுவை இன்னும் நன்றாக இருந்தது. ஆனால் 9,000 சுற்றில் பிட்ச் வேகம் 55 கிலோமீட்டர்தான். எதிர்காற்று வலுத்ததும் விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. காற்றில்லாத மாலைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய 10 சி.சி. எஞ்சினுக்குப் புதிய பிஸ்டன், சிலிண்டர், இரண்டு பேரிங்குகள் வாங்கிப் போட்டாயிற்று. மெலிந்த மூக்கும் தாழ்ந்த இறக்கையும் கொண்ட, வேகமாகப் பறக்கவே கட்டப்பட்ட வேறொரு விமானத்தில் அதை மாட்டப்போகிறார். அதில் அந்த 11×8 புரொப்பெல்லரையே முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.